கம்பம் கடைக்குப் பத்தொன்பதடி நாலு

கொளஞ்சியம்மாள் என்று பேரைச் சொன்னால் விருத்தாசலத்தில் பாதிப்பேர், "அந்தச் சண்டைக்காரியா?" என்று கேட்பார்கள். மீதிப்பேர், ஜங்ஷன் ரோட்டில் ஜெயராஜ் அண்ணன் போர்டுக் கடையில் உட்கார்ந்து போட்டோவைப் பார்த்தே அளவு சொல்கிற அம்மா என்பார்கள். இரண்டும் நான்தான். இரண்டுக்கும் நான் வெட்கப்பட்டது கிடையாது.

எங்கள் கடையில் செய்வது பெட்டி போர்டு. இரும்புச் சட்டம் அடித்து, உள்ளே டியூப்லைட் மாட்டி, முன்பக்கம் ப்ளெக்ஸை இழுத்துக் கட்டிக் கடையின் நெற்றியில் ஏற்றுவோம். உள்ளூர்க் கடை என்றால் டேப்போடு போய் அளந்துவிடலாம். பெண்ணாடமோ மங்கலம்பேட்டையோ என்றால்கூட பஸ் ஏறிப்போய் அளந்துவிட்டு மத்தியானச் சோற்றுக்குத் திரும்பிவிடலாம். பெரிய கம்பெனிகள் வர ஆரம்பித்த பிறகுதான் தலைவலி. அவர்களுக்கு ஓசூரில் ஒரு கடை இருக்கும், தென்காசியில் ஒரு கடை இருக்கும். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஈமெயிலில் அனுப்பிவிட்டு, சாயங்காலத்துக்குள் விலை சொல்லு என்பார்கள். விலை என்பது சதுர அடிக் கணக்கு. கடை எத்தனை அடி என்று தெரியாமல் விலையை எங்கே போய்த் தேடுவது?

கடைக்காரரைப் போனில் கேட்டால் உண்மை வராது. பக்கத்துக் கடை போர்டு பன்னிரண்டு அடி என்றால் இவர் கடை பதினைந்து அடியாகிவிடும். திண்டிவனத்தில் ஒருத்தர் சொன்ன அளவை நம்பி அண்ணன் ஒரு போர்டு அடித்துக்கொண்டு போனார். அது பக்கத்து டீக்கடை மேல் மூன்றடி நீட்டிக்கொண்டு நின்றது. நிழல் தருகிறதே என்று டீக்கடைக்காரர் சந்தோஷப்பட்டார், அண்ணன்தான் அழாத குறையாகத் திரும்பி வந்தார்.

நான் அப்போது ஸ்டிக்கர் ஒட்டுகிற மேசையில் இருந்தேன். ஒருநாள் அண்ணன் கம்ப்யூட்டரில் ஒரு கடையின் படத்தை வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "ஷட்டர் உயரம் எட்டரை அடிண்ணே" என்றேன்.

"நீ என்னா போயி அளந்தியா?"

"ஷட்டர் பட்டை ஒண்ணு மூணு இஞ்சு. முப்பத்தி நாலு பட்டை இருக்குது. எண்ணிப் பாருங்க."

எண்ணிப் பார்த்தார். ஒரு பட்டையை ஸ்கேலால் அளந்து, அதைக் குறுக்கே வைத்துக்கொண்டே போனால் அகலமும் வந்துவிடும் என்று காட்டினேன். அந்த வாரமே எனக்கு நாற்காலி வந்தது. அதிலிருந்து போட்டோ எடுக்கப்போகிற ஆட்களுக்குப் போனில் நான்தான் உத்தரவு போடுவேன். கடைக்கு நேர் எதிரில் நின்று எடு, கோணலாக எடுத்தால் கடை சுருங்கிவிடும். ஷட்டரை இறக்கிவிட்டு எடு. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நம்பமாட்டேன், நாட்டுச் செங்கல்லை. அது சூளைக்குச் சூளை மாறும். சூளைக்குள் போய் வந்த எதையும் அளவுகோலாக வைக்கக்கூடாது என்பது என் சட்டம். அந்தச் சட்டத்தை நானே மீறியதுதான் இந்தக் கதை.

சூளையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். போர்டுக் கடைக்கு வருவதற்கு முன்னால் பதினோரு வருஷம் இங்கே ஒரு செராமிக் யூனிட்டில் இருந்தேன். சுவரில் ஒட்டுகிற சின்ன டைல்ஸ் கல், நாலு அங்குலத்துக்கு நாலு அங்குலம். சூளையிலிருந்து வந்த கல்லை அளவுச் சட்டத்துக்குள் வைத்துப் பார்த்துத் தரம் பிரிப்பது என் வேலை. சட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தால் முதல் தரம். லொடலொடவென்று ஆடினால் பின்பக்கத்தில் நீலப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு இரண்டாம் தரத்தில் தள்ள வேண்டும். மண் வேகவேகச் சுருங்கும். அளவாக வெந்தால் நாலு அங்குலம் நிற்கும், கூடுதலாக வெந்தால் அதற்கும் கீழே போய்விடும், நிறமும் மாறிவிடும்.

அங்கிருந்து நான் வெளியே வந்த கதை ஊருக்கே தெரியும். 2002ஆம் வருஷம் ஒரு சூளையில் சூடு எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. இளம்பச்சையாக வரவேண்டிய கல்லெல்லாம் பாசிப்பயறு நிறத்தில் வந்தது. சட்டத்தில் வைத்தால் ஒவ்வொன்றும் ஒரு நூல் குறைச்சல். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பாகம். எல்லாவற்றுக்கும் பெருக்கல் குறி போட்டேன். சூப்பர்வைசர் கோவிந்தசாமி வந்தார். மதுரைப் பக்கத்து வியாபாரி லாரியோடு நிற்கிறார், முதல் தரமாகவே கட்டு என்றார். முடியாது என்றேன்.

"ஒரு நூலுதானே? எவன் அளந்து பாக்கப்போறான்?" என்றார்.

நான் திருப்பிச் சொன்னதை இங்கே எழுத முடியாது. அன்றைக்குச் சாயங்காலமே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். கல் லாரியேறிப் போய்விட்டது. "வாயால கெட்டே" என்று வீட்டில் ஆளாளுக்குச் சொன்னார்கள். என் வாயைப் பற்றித்தான் பேசினார்களே தவிர, கல் குறைச்சலா இல்லையா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அது எனக்கு ரொம்ப நாள் வலித்தது.

இப்போது கதைக்கு வருகிறேன். 2008 மார்கழி. கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனி, தமிழ்நாடு முழுக்க முப்பத்தெட்டுக் கடைக்கு போர்டு வைக்கப்போகிறது என்று தெரிந்து அண்ணன் அந்த வேலையைக் கேட்டு எழுதியிருந்தார். அங்கே இதைப் பார்த்துக்கொள்கிற சண்முகப்ரியா மேடம் காலையில் போன் செய்தார். முதலில் ஐந்து கடைக்குப் படம் அனுப்புகிறேன், ஐந்து மணிக்குள் அளவும் விலையும் வரவேண்டும், பிறகு திருத்தம் கிடையாது என்றார். அந்த ஐந்து போர்டும் பொங்கலுக்குள் கடையில் ஏறவேண்டும். தூணுக்குத் தூண் ஒரு அங்குலத்துக்கு மேல் சந்து தெரியக்கூடாது. ஐந்தும் சரியாக உட்கார்ந்தால் மீதி முப்பத்துமூன்றும் நமக்கு. ஒன்று தப்பினாலும் வேறு ஆளுக்கு.

நான்கு கடையும் சுலபமாக முடிந்தது. ஐந்தாவது, மதுரையைத் தாண்டிக் கம்பம் ஊரில் இருந்த கடை. இரண்டு சிமெண்டுத் தூண், நடுவில் மேலே ஒரு பீம், பீம் முழுக்க டைல்ஸ் கல் பதித்திருந்தது. ஷட்டர் முழுக்க ஏறியிருந்ததால் ஒரு பட்டைகூடத் தெரியவில்லை. கல்லை எண்ணினேன். ஒரு வரிசைக்கு அறுபது. அறுபது நாலு இருநூற்று நாற்பது, சரியாக இருபது அடி. அண்ணன் கடைக்காரரிடமும் போனில் கேட்டுவிட்டு வந்தார். அவரும் இருபது அடி என்றுதான் சொன்னார்.

"கடைக்காரன் சொன்ன அளவும் உன் அளவும் ஒத்துப்போனது இதுதான் முதல் தடவை, கொளஞ்சி" என்று அண்ணன் சிரித்தார். இருபது என்று தாளில் எழுதி வைத்தோம்.

மத்தியானம் அதே நாற்காலியில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றுகொண்டிருந்தேன். எதிரில் கம்பம் கடையின் படம் அப்படியே இருந்தது. இரண்டாவது கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகும்போதுதான் கல்லின் நிறத்தைப் பார்த்தேன். பாசிப்பயறு. கை அப்படியே நின்றுவிட்டது. பதினோரு வருஷத்தில் அந்த நிறம் ஒரே ஒரு சூளையில்தான் வந்தது. அந்த நிறத்துக்காகத்தான் என் வேலை போனது.

கையைக் கழுவிவிட்டுக் கணக்குப் போட்டேன். கல்லுக்கு ஒரு நூல் என்றால் அறுபது கல்லுக்கு அறுபது நூல், ஏழரை அங்குலம். இருபது அடி இல்லை, பத்தொன்பது அடி நாலரை. தூணுக்கு நடுவில் இருபதடி இரும்புப் பெட்டி உள்ளேயே போகாது.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் விலைத்தாளை டைப் அடிக்கக் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தார்.

"நீயே எண்ணினே. அவரும் சொல்லிட்டாரு. இப்ப என்னா புதுசா?"

"அது குறைச்சக் கல்லுண்ணே. நான் தள்ளுன கல்லு. எனக்குத் தெரியும்."

"ஏம்மா, ஊர்ல எத்தினியோ யூனிட்டு இருக்குது. பச்சைக் கல்லு எல்லாமே உன் கல்லா?"

"அந்த நிறம் வேற எங்கியும் வராதுண்ணே."

அண்ணன் தாளை மேசை மேல் வைத்தார். "கோவிந்தசாமி மேல இருக்குற கோவத்த எங்கூட்டு போர்டுல காட்டாதே" என்றார்.

சுருக்கென்று இருந்தது. கோபம் வந்தது, அதைவிடப் பயம் வந்தது. ஏனென்றால் அவர் சொன்னது ஒருவேளை நிஜமாக இருந்தால்? ஆறு வருஷமாக அந்தக் கல்லை மனசுக்குள் புரட்டிக்கொண்டே இருந்தவளுக்கு எங்கே பார்த்தாலும் அதே கல்தான் தெரியும் என்று ஆகிவிட்டால்? மறுபடியும் போய்ப் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். நிறம் மாறவில்லை.

கம்பம் கடைக்காரருக்கு நானே போன் போட்டேன். பின்னால் ஹார்ன் சத்தமும் சரண கோஷமும் கேட்டது.

"ஐயா, இருபது அடின்னு சொன்னீங்களே, எப்படி அளந்தீங்க?"

"ஏம்மா, கல்லு இருக்குல்ல? அறுபது கல்லு, நாலு இஞ்சுக் கல்லு. இதுக்கு டேப்பு வேற பிடிக்கணுமாக்கும்?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நானும் கல்லை எண்ணினேன், அவரும் கல்லை எண்ணினார். இரண்டு சாட்சி என்று அண்ணன் நினைத்தது ஒரே சாட்சிதான்.

"தயவுசெஞ்சு தூணுக்குத் தூண் ஒரு தடவ டேப்பு பிடிச்சுச் சொல்லுங்கய்யா."

"நான் மலைக்குப் போயிக்கிட்டு இருக்கேன்மா. கடையப் பூட்டியாச்சு, அஞ்சு நாள் ஆகும் வர. என் கடை எத்தனை அடின்னு எனக்குத் தெரியாதா?" என்று வைத்துவிட்டார்.

படம் எடுத்த கம்பெனி ஆளோ அடுத்த ஊருக்குப் போய்விட்டிருந்தார், போன் எடுக்கவில்லை. இங்கிருந்து கம்பத்துக்கு ஆள் போய்ச் சேரவே பொழுது விடிந்துவிடும். மணி நாலு அடித்தது. கல்லை எண்ணித்தான் இருபது என்றாராம் என்று அண்ணனிடம் சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் மாறியது. ஆனாலும் பிடி கொடுக்கவில்லை.

"நாலு இஞ்சுக் கல்லு நாலு இஞ்சு இருக்கும்னுதானே உலகமே நம்புது?" என்றார்.

"நான் நம்பலியே. அதுக்குத்தானே என்னை அனுப்புனாங்க?"

"கொளஞ்சி, இது முப்பத்தெட்டு போர்டு. இதுவரைக்கும் எனக்கு இவ்வளவு பெரிய வேலை வந்ததில்ல. நீ சொல்றது தப்பாயிருந்தா ரெண்டு தூணுக்கு நடுவுல ஏழரை இஞ்சு சந்து பல்லக் காட்டும். அப்புறம் நீ ஒட்டுற மேசைக்குத்தான் போகணும். நான் பழையபடி டேப்பத் தூக்கிக்கிட்டு அலையறேன்."

"தப்பாயிருந்தா மேசைக்கு வரமாட்டேண்ணே. வூட்டுக்கே போயிடறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ஏற்கனவே ஒரு வேலையை இதே கல்லுக்காக விட்டவள். இன்னொன்றையும் அதே கல்லுக்காக விட்டால் ஊரில் யார் என்னைச் சேர்த்துக்கொள்வார்கள்? ஆனால் வாயிலிருந்து வந்ததைத் திரும்ப விழுங்கும் பழக்கம் எனக்கு இல்லை. அண்ணன் பேனாவை எடுத்து, தாளில் இருபதை அடித்தார். "எவ்வளவு போடணும்?" என்றார்.

"போர்டு பத்தொன்பது அடி நாலு இஞ்சு. பீம் நாலரை வரும், கல்லுக்கு நடுவுல இருக்குற வெள்ளை சிமெண்டுக்கு இன்னும் அர இஞ்சு கூடும். ரெண்டு பக்கமும் அர அர இஞ்சு சந்து இருக்கும்."

எழுதினார். ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அனுப்பினோம்.

போர்டு தயாராகப் பதினைந்து நாள் ஆனது. அந்தப் பதினைந்து நாளும் நான் கடையில் வாயையே திறக்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று டீக்கடையிலிருந்துகூடக் கேட்டுவிட்டார்கள். சட்டம் வெட்டும்போது பக்கத்தில் நின்று நானே டேப் பிடித்துப் பார்த்தேன். மதிவாணன் ஐந்து போர்டையும் வேனில் ஏற்றினார். எங்கள் கடையில் மாட்டுகிற வேலை முழுக்க அவருடையதுதான். நிதானமான ஆள், ஒரு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். முதல் நான்கு ஊரிலிருந்தும் "சரிங்க" என்று ஒரே வார்த்தையில் போன் வந்தது. ஐந்தாவதுதான் கம்பம்.

அன்றைக்குக் காலையிலிருந்து அண்ணன் செல்போனை மேசை மேல் வைத்துவிட்டு அதைப் பார்க்காத மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் டிபன் டப்பா, குடை, செருப்பு எல்லாவற்றையும் நாற்காலி பக்கத்தில் தயாராக வைத்திருந்தேன். போக வேண்டும் என்றால் உடனே போய்விட வேண்டும், யார் முகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது.

பதினொன்றரைக்குப் போன் வந்தது. அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, இங்க சண்டையா இருக்குதுங்க" என்றார் மதிவாணன். "இருபதடிக் கடைக்குக் குறைச்சலா போர்டு கொண்டாந்துட்டீங்கன்னு கடைக்காரரு இறக்கவே வுடமாட்டேங்கறாரு."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் குடையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"டேப்பு பிடிச்சியா?" என்று கேட்டார் அண்ணன்.

"அவர வச்சே பிடிச்சுட்டேங்க. பத்தொன்பதே அடி, அஞ்சு இஞ்சு. மூணு தடவ பிடிச்சாரு. நம்பமுடியாம அப்படியே படியில உக்காந்துட்டாரு. இப்ப மேல ஏத்திக்கிட்டு இருக்கோம்... இருங்க." கொஞ்ச நேரம் இரும்புச் சத்தமும், 'தூக்கு தூக்கு' என்ற குரலும் கேட்டது. "உக்காந்துடுச்சுங்க. ரெண்டு பக்கமும் சுண்டுவிரல் போவுது, அவ்வளவுதான்."

மதிவாணன் அவ்வளவு நீளமாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். அண்ணன் எழுந்து என் கையிலிருந்த குடையை வாங்கி ஆணியில் மாட்டினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெருமையாக இருந்தது என்று இப்போது நிதானமாகச் சொல்கிறேன், அப்போது கத்த வேண்டும்போல இருந்தது. முந்நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், நான் கண்ணால் பார்த்தே இராத கடை, விரல் நுழைகிற சந்துக்குச் சரியாகச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் மதிவாணன் வேனில் வந்து இறங்கி, நேராக என் மேசைக்கு வந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை வைத்தார். "கடைக்காரரு குடுத்தாருங்க. பரண்ல மிச்சம் கிடந்துச்சாம். அந்தம்மாகிட்ட குடு, என் கடைக் கல்லு குறைச்சல்னு உக்காந்த எடத்துலேர்ந்தே கண்டுபுடிச்சவங்களுக்குன்னு சொன்னாரு."

பிரித்தேன். பாசிப்பயறு நிறத்தில் ஒரே ஒரு கல். அண்ணன் டேப்பை வைத்தார். மூன்று அங்குலம், ஏழு நூல். டேப்பை மறுபடி வைத்தார், அதேதான். நான் கல்லைத் திருப்பினேன்.

பின்பக்கத்தில் நீலப் பென்சிலில் ஒரு பெருக்கல் குறி. அவசரமாகத் துணியால் துடைத்திருக்கிறார்கள், ஒரு கால் மங்கியிருந்தது, இன்னொரு கால் அழியவே இல்லை. என் கை எப்போதும் இடது காலைக் கொஞ்சம் நீளமாக இழுக்கும். இதிலும் இழுத்திருந்தது.

அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கோவத்த காட்டாதே என்று சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "கொளஞ்சி," என்றார், பிறகு செல்போனை எடுத்துக் கோயம்புத்தூருக்குப் போட்டார். "மேடம், மீதி முப்பத்தி மூணு கடைப் படத்தையும் அனுப்பிடுங்க. அளவு பத்தி என்னாக் கேக்கணும்னாலும் எங்க கொளஞ்சியம்மாகிட்டயே கேளுங்க. நானே அவங்களத்தான் கேப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார்.

"கம்பம் கடைக்காரரே தன் கடைய இருபது அடின்னு சொன்னாராமே. நீங்க எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார் சண்முகப்ரியா மேடம்.

கல் என் உள்ளங்கையில் இருந்தது. எவன் அளந்து பாக்கப்போறான் என்று கேட்டாரே கோவிந்தசாமி, அவருக்கும் சேர்த்துத்தான் பதில் சொன்னேன்.

"அந்தக் கல்ல நான் ஆறு வருஷத்துக்கு முன்னாடியே அளந்துட்டேன், மேடம்."